வானத்துக்குக் கையெழுத்து போட்டவர்கள்

தரங்கம்பாடி
20 செப்டம்பர், சனி

அன்புள்ள பானுவுக்கு,

ஜெக்கரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, அம்மா, நான் மூவரும் சுகம். நைரோபியில் காலையில் குளிர் அடிக்கிறது என்றாய். போர்வை ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் சாப்பாட்டை மறக்கும் பழக்கத்தை அங்கேயாவது விட்டுவிடு.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போன வாரம் நீ சொன்னாய், "நீங்க பேசுறது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு, நடுவுல ஒரு கேள்வி கேட்டா வெட்டிடுறீங்க" என்று. வாஸ்தவம். அதனால்தான் கடிதம். நம் காதர் மைதீன் மாமா வியாபார விஷயமாகத் திங்கட்கிழமை நைரோபிக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சோதனை நடந்ததா இல்லையா என்பதை மட்டும் கடைசியில்தான் எழுதுவேன். நீ வரிசையாகச் சொல்லச் சொன்னாய், வரிசையில் அது கடைசியில்தான் வருகிறது.

நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். எங்களிடம் இருப்பது ஒரு படகு, ஒரு பம்பு, கடல்நீரைப் புகையைவிட மெல்லிய தூவலாக்கும் முந்நூறு நாசில். அந்த உப்புத் துகள் மேலே போய் மேகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கும். வெளுத்த மேகம் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். பூமி கொதிக்கிற கொதிப்பைக் கொஞ்ச காலத்துக்காவது இப்படித் தணிக்க முடியுமா என்று பார்க்க மூன்று மணி நேரச் சோதனை. அதற்குப் பின்னால் என் மூன்று வருட உழைப்பு. அக்டோபர் மழை பிடிப்பதற்குள் முடிக்காவிட்டால் படகு, பணம் எல்லாம் வேறு கடற்கரைக்குப் போய்விடும். இந்த அவசரத்தில்தான், "இதுக்கு உங்க நிறுவனம் எழுதுற விதி நானூறு பக்கம், எங்க படகே அவ்வளவு கனம் இருக்காது" என்று சொன்னேன். நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாய். நின்று ஒன்றே ஒன்று கேட்டாய். அந்த மேகத்தின் நிழல் விழுகிற இடத்து ஆட்களிடம் சம்மதம் வாங்கவேண்டும் என்று விதி இருக்கிறதே, அந்த ஆட்களின் பட்டியலை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று. சிட்டா இருக்கிறதே என்றேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகஸ்ட் முப்பதாம் தேதிதான் புரிந்தது.

பட்டியலை ஒரே நாளில் எடுத்தேன். நிழல் விழப்போகிற உப்பங்குடியும் அதைச் சுற்றியுள்ள வயல்களும், பட்டாதாரர் 316 பேர். எல்லோருக்கும் பதிவுத் தபால். இருபது நாளில் 309 பதில் வந்துவிட்டது, அத்தனையிலும் 'ஆட்சேபணை இல்லை', கீழே கையெழுத்து. தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத் தலைவர் வேதநாயகம் சார் லட்டு வாங்கிவரச் சொன்னார். "எந்தத் தேர்தல்லயும் இந்த சதவீதம் கிடைக்காதுய்யா" என்றார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன்.

முப்பதாம் தேதி உப்பங்குடி ஊராட்சிக் கட்டடத்தில் கூட்டம். சும்மா ஒரு சடங்குக்கு என்று நினைத்துத்தான் போனேன். ஆளும் கட்சிக் கவுன்சிலரும் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரும் கரை வேட்டியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு சொம்பு வைக்கிற இடைவெளி. நான் படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது படத்தில் ஒருவர் எழுந்தார். பெயர் பக்கிரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். அப்பா காலத்திலிருந்து இரண்டு ஏக்கர் குத்தகைக்கு உழுகிறவர். தன் வயலுக்கு யார் கையெழுத்து போட்டார் என்று கேட்டார். சர்வே எண்ணைத் தேடி, சபாநாயகம் என்று வாசித்தேன். "அவரு செத்து ஒம்பது வருஷம் ஆச்சு தம்பி. பாடையில ஒரு பக்கம் நான்தான் தோள் குடுத்தேன்" என்றார் பக்கிரி. பின்னால் இருந்து ஒரு குரல், "அவரு இப்ப மேலதான இருக்காரு, வானத்துக்கு அவரு போடாம வேற யாரு போடுவா" என்றது. அதற்கப்புறம் என் படத்தை யார் பார்த்தார்கள்?

பட்டியலைப் பிடுங்கி ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் "இருக்காரு", "போய்ட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை. மொத்தம் எழுபத்து மூன்று பேர் போய்ட்டாரு. அத்தனை பேரும் நீல மையில் தெளிவாகக் கையெழுத்து போட்டிருந்தார்கள். ஒருவர் தேதிகூடக் குறித்திருந்தார். பட்டாவைத் தாத்தா பெயரிலிருந்து மாற்ற அலைவதைவிட, உர விண்ணப்பமோ பயிர்க் காப்பீடோ எது வந்தாலும் தாத்தா மாதிரியே கையெழுத்து போடப் பழகிக்கொள்வது எங்கள் பக்கம் சுலபம். மோசடி என்று யாரும் நினைப்பதில்லை, அப்படித்தான் நடக்கிறது. வெளியூர்க்காரன் ஏமாந்தால் சரி. இந்த மண்ணில் பிறந்த நான் எப்படி மறந்தேன்?

கேள், 201வது பெயர் அப்துல் வஹாப். என் பாட்டனார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது மவுத்தானவர். வாசித்தவர் என்னைப் பார்த்தார், நான் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். அங்கே அத்தா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "நீ சோறு தண்ணி இல்லாம இதுக்கு அலையுற. ஒரு கையெழுத்துதானன்னு போட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் உட்கார்ந்தபடி, "அவரு இருந்திருந்தாலும் போட்டிருப்பாரு" என்றார்.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கவுன்சிலர் எழுந்து, "மீத்தேன் எடுக்க வந்தவனும் முதல்ல அளந்துட்டுப் போறேன்னுதான் வந்தான்" என்றார். எதிர்க்கட்சிக்காரர், "அண்ணன் சொல்றது சரி" என்றார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை என்று பக்கத்தில் சொன்னார்கள். பக்கிரி விடவில்லை. செத்தவர் பெயர் இருக்கட்டும், என் பெயர் எங்கே என்றார். உடனே சபாநாயகத்தின் மகன், அவர் சென்னையிலிருந்து இதற்காகவே காரில் வந்திருந்தார், குத்தகைக்காரன் பெயரை எந்தத் தாளில் எழுதினாலும் நாளைக்கு அது கோர்ட்டில் ஆதாரமாக வந்து நிற்கும், எழுதினால் தடை வாங்குவேன் என்றார். பக்கிரியின் குத்தகைக்கு ஏற்கெனவே வழக்கு நடக்கிறதாம். உழுகிறவரை எழுதினால் ஒரு பக்கம் தடை உத்தரவு, எழுதாவிட்டால் மறுபக்கம் சம்மதமே இல்லை. கூட்டம் கலைந்தது. வேதநாயகம் சார் போனில், "இந்த வருஷத்தை மறந்துடு" என்றார்.

மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தேன். அம்மாவிடம்கூட எரிந்து விழுந்தேன். நாலாம் நாள் வேறு வேலை இல்லாததால், ஆமாம், வேறு வேலை இல்லாததால்தான், நீங்கள் எழுதிய நானூறு பக்கத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'நிழல் விழும் நேரத்தில் அங்கே இருப்பவர்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நிலம் என்ற சொல்லே அங்கே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியது நீதானா என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அரைப்புள்ளி எனக்குத் தெரியும்.

அன்றைக்கே வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன், கட்டத்துக்கு அரைக் கிலோமீட்டர். நாலு நாள், காலை பத்திலிருந்து வெயில் சாயும்வரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்டியில் போய் அங்கே நிற்கிற ஆளின் பெயரை எழுதினேன். சர்வே எண் இல்லை, பட்டா இல்லை, நீ இங்கே என்ன உரிமையில் நிற்கிறாய் என்ற கேள்வியே இல்லை. சென்னைக்காரரின் வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

பானு, அந்த நாலு நாளில் நான் பார்த்த ஊர் வேறு. குறுவை அறுவடை நேரம். சாலையில் நெல் துழாவுகிற பெண்கள், சேலத்திலிருந்து அறுப்பு மெஷின் ஓட்டி வந்த டிரைவர்கள், அறுத்த வயலில் இரண்டாயிரம் வாத்தை இறக்கிவிட்டுக் குடை பிடித்து நிற்கிறவர், சத்துணவு சமைக்கிற இரண்டு அக்காக்கள். எல்லோரும் பெயர் சொன்னார்கள், பெயரோடு ஒரு புகாரும் சொன்னார்கள். அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன். டேனியர் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்த இரண்டு டென்மார்க் பெண்கள் தங்கள் பெயரையும் எழுதச் சொன்னார்கள். நிழல் அவர்கள் மேலும் விழும்தானே, எழுதினேன். அத்தா கேட்டுவிட்டு, "அவங்க ஆளுங்க முன்ன வந்தப்ப நம்மகிட்ட கேட்டாங்களா" என்றார். மொத்தம் 1,138 பெயர். பக்கிரி தன் பெயரை எழுதியதும் நோட்டை வாங்கி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கடற்கரைக் கட்டத்தில்தான் ஆரோக்கியம் அக்காவைச் சந்தித்தேன். மீனவக் குடியிருப்பு, கருவாடு காயப்போடுகிற பெண்களுக்கு அவர்தான் தலைவி மாதிரி. பழைய பட்டியலில் அந்தக் கடற்கரையில் ஒரு பெயர்கூடக் கிடையாது. புறம்போக்குக்கு ஏது பட்டா. பெயர் கேட்டதும், "ஓட்டு லிஸ்டு, ரேஷன் கார்டு, செத்தா சர்ச்சு புஸ்தகம், மூணுலதான் எங்க பேரை எழுதுவாங்க. இது நாலாவதா?" என்றார். விளக்கினேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்றார். மூன்று வருடமாக எத்தனையோ பெரிய ஆட்கள் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். மணி கேட்டது அவர் ஒருவர்தான். பத்து மணிக்கு என்றேன். "பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் உள்ள வெயில்தான் தம்பி எங்களுக்கு வெயிலு. மத்ததெல்லாம் வெளிச்சம்" என்றார்.

இரண்டாவது கூட்டம் பத்தாம் தேதி, நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில். கூட்டத்துக்காக யாரும் வேலையை நிறுத்தவில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டே பேசினார்கள், நானும் காலால் துழாவிக்கொண்டே பதில் சொன்னேன். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள், இந்த நேரத்தில் வெயிலைக் குறைக்க வந்திருக்கிறாயே என்று பிடித்தார்கள். ஒரு துண்டு மேகம் கடந்து போகிற அளவுகூடக் குறையாது என்று எண்ணோடு சொன்னேன். அப்படியானால் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்ட பிறகு வைத்துக்கொள், உனக்கென்ன என்றார்கள். இரண்டரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்தால் என் கருவிக்கு அளவு மங்கும் என்று வாதாடினேன். தோற்றேன். இரண்டரை மணி.

அப்புறம்தான் பக்கிரி சாவி விஷயத்தை எடுத்தார். உப்பங்குடி வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. மதகை ஏற்றி இறக்குகிற கைப்பிடிதான் சாவி. அதைத் தலைமடைக்காரர் வீட்டில் வைக்கமாட்டார்கள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடைக்காரர் வீட்டில்தான் இருக்கும். மதகைத் தொடவேண்டும் என்றால் அங்கே போய்க் கேட்டுத்தான் வாங்கவேண்டும். இப்போது அது பக்கிரி வீட்டு அடுப்படியில் தொங்குகிறது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "வெயிலு குறைஞ்சா முதல்ல யாரு பொழப்பு கெடும்? கருவாடு காயப்போடுறவங்க பொழப்பு. அப்ப அவங்கதான் இதுக்குக் கடைமடை. நிறுத்துற சாவியை அவங்க கையில குடுத்துட்டு எவ்வளவு வேணா தெளிச்சுக்க."

படகை நிறுத்த எங்களிடம் கரையிலிருந்து அழுத்துகிற ரேடியோ பொத்தான் ஒன்று உண்டு. அதைத்தான் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயிற்சி இல்லாதவர் கையில் அதைக் கொடுக்கவே முடியாது என்று சத்தம் போட்டேன். கூட்டத்துக்கு வந்து தானும் நெல் துழாவிக்கொண்டிருந்த ஆரோக்கியம் அக்கா துழாவுகட்டையை ஊன்றிக்கொண்டு, "அடுப்பைப் பத்தவைக்கத்தான் தம்பி பழகணும். அணைக்கிறதுக்கு என்ன படிப்பு?" என்றார். களமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். வேதநாயகம் சாரிடம் நாற்பது நிமிடம் போனில் மன்றாடினேன். கடைசியில், "எழுதிக் குடுத்துடு, ஆனா அந்தம்மா அழுத்தாம பாத்துக்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த பிறகுதான் பட்டியலில் இருந்தவர்கள் சம்மதம் சொன்னார்கள்.

பதினேழாம் தேதி, புதன்கிழமை, இரண்டரை மணி. கடல்காற்று சீராக வந்தது. படகிலிருந்து தூவல் எழும்பியது. வெண்ணிறத்தில் ஒரு தாவணி பறக்கிற மாதிரி இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆனால் அப்படித்தான் இருந்தது. கரையில் நானூறு பேருக்குக் குறையாது. அத்தா டீ கேனோடு நின்றார். ஆரோக்கியம் அக்கா முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை மடியில் வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது நிமிடம் அழுத்திவிட்டார்.

தூவல் அறுந்தது. பம்பு அடங்கிக் கடலின் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வருடம் பானு. ஓடிப்போய், என்ன ஆச்சு, யாருக்கு என்ன என்று கேட்டேன். அவர் படகையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல தம்பி. நிக்கும் நிக்கும்னு சொன்னியே. நிக்குதான்னு பாத்தேன்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம், போடு" என்றார்.

நான் கத்தவில்லை. நீ நம்பமாட்டாய், அத்தாவைக் கேட்டுப்பார். எத்தனை பெரிய நிபுணர் குழு எங்கள் திட்டத்தைத் தணிக்கை செய்திருக்கிறது. நிறுத்தச் சொன்னால் நிற்குமா என்று ஒருவராவது நிறுத்திப் பார்த்தார்களா? பதிவேட்டில் எழுதினேன்: '2.42, நிறுத்தம். காரணம், சரிபார்ப்பு. செய்தவர், ஆரோக்கியம்.' பன்னிரண்டு நிமிட அளவீடு வீண். மீண்டும் தொடங்கி ஆறு மணி வரை ஓட்டினோம். அதற்கப்புறம் அவர் பொத்தானைத் தொடவே இல்லை. கருவிகள் நாங்கள் எதிர்பார்த்ததைக் காட்டின, மிகக் கொஞ்சம், ஆனால் தெளிவாக. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள், "அவ்வளவுதானா, இதுக்கா ரெண்டு கூட்டம்" என்று திட்டிக்கொண்டே டீ குடித்தார்கள். கவுன்சிலரும் கிளைச் செயலாளரும் தனித்தனியாக என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட மீன் குழம்பு மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை, இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

ஆரோக்கியம் அக்கா உனக்கென்று நெத்திலிக் கருவாடு கொடுத்திருக்கிறார். தாளில் நாலு சுற்று சுற்றிக் காதர் மைதீன் மாமாவிடம் தந்திருக்கிறேன். விமானத்தில் வாடை கிளம்பினால் அவர் என் பெயரைச் சொல்வதாக ஏற்பாடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முடிவு நன்றாக வந்ததால், ஜனவரியில் மூன்று படகு வைத்துப் பெரிதாகச் செய்ய மேலிடம் விரும்புகிறது. அறுபது பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்து இறங்கியிருக்கிறது. ஊர் சார்பில் ஐந்து பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள், பக்கிரி உண்டு, ஆரோக்கியம் அக்கா உண்டு. படித்துப் புரியாததில் கையெழுத்து போடமாட்டோம், உங்கள் ஆய்வகத்தில் சம்பளம் வாங்காத, சட்டம் தெரிந்த ஓர் ஆள் வந்து வரி வரியாகச் சொல்லட்டும் என்கிறார்கள். அப்போது யாரோ உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். பொண்டாட்டி புருஷன் பக்கம்தானே பேசுவாள் என்று ஒருவர் இழுத்தார். ஆரோக்கியம் அக்கா, "புருஷனைப் பத்தித் தெரிஞ்சவதான் சரியான கேள்வி கேப்பா. அவ எப்ப வருவான்னு எழுதிக் கேளு" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். நான் கேட்கவில்லை, அவர் கேட்கச் சொன்னதைக் கேட்கிறேன். ஜனவரி முதல் வாரத்திலிருந்து உங்களுக்குப் பதினைந்து நாள் விடுப்பு என்று உங்கள் நிறுவனத்தின் நாட்காட்டியில் போட்டிருக்கிறது. வேறு ஏதோ தேடும்போது கண்ணில் பட்டது. சென்னை வரைக்கும் நான் வந்து நிற்பேன். உன் அறையில் நான் பரப்பி வைத்திருந்த கருவிகளையெல்லாம் மாடிக்கு மாற்றிவிட்டேன், அது எப்படியும் செய்யவேண்டிய வேலைதான்.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், எடுத்த வேலையை முடிக்கிற பலத்தையும் கொடுக்கட்டும். அத்தாவும் அம்மாவும் ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆ செய்கிறார்கள். நானும்.

ஒப்பந்தம் பேசும் மேஜையில் எனக்கு எதிர்ப்பக்கம்தான் உட்காருவாய் என்று தெரியும். எந்தப் பக்கமானாலும் சரி, வா.

என்றும் உன்
ஜெக்கரியா